கேட் இடுக்கில் தெரிந்த மைதானம்

அன்று மந்தைவெளி பாஷா பாயின் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான், அம்மா, பூத்தின் சொந்தக்காரரான பாஷா பாய், அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் போன் போட வந்து எங்களிடம் மாட்டிக்கொண்ட ராஜம் மாமி. வாசலில், எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து நடந்தே வந்திருந்த ஏழெட்டுப் பேர்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் அக்கா மல்லிகா. கல்கத்தாவைத் தாண்டி, நேபாள எல்லைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், நெஞ்சில் இந்தியா என்று எழுதிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருவர் நைனா, என் அப்பா. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கல்லூரியில் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்ததோ. மழை விட்டிருந்த சமயம் என்பது மட்டும் நிச்சயம். பூத்தின் பிளைவுட் சுவர் ஊறிப்போய் ஒரு வாடை அடித்தது. அதன் மேல் பாயின் ஊதுவத்தி வாசனை.

ஒரே ஒரு மேட்ச்

நாலைந்து அண்டை நாடுகள் கூடி ஆடிய பெண்கள் கால்பந்துப் போட்டி அது. கிரிக்கெட்டாக இருந்தால் தெருவுக்குத் தெரு டி.வி.யை வாசலில் வைத்திருப்பார்கள். இதை எந்த டி.வி.யும் காட்டவில்லை. அந்த வாரம் முழுக்கக் கல்லூரி நூலகத்தில் எல்லாப் பேப்பரின் கடைசிப் பக்கத்தையும் தேடினேன். குதிரைப் பந்தயம் இருந்தது, சதுரங்கம் இருந்தது. அக்காவின் போட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அக்கா டீமோடு போய்விட்டாளே தவிர, எந்த மேட்ச்சிலும் அவளை இறக்கவில்லை. அவள் ஆடும் லெஃப்ட் பேக் இடத்தில், கோலுக்கு முன்னால் இடப் பக்கக் காவலில், அவளைவிடப் பெரிய பெண் ஒருத்தி இருந்தாள். அன்று நேபாளத்தோடு கடைசி மேட்ச்.

ஒரு நிமிஷமாவது தரையில் கால் வைத்து ஆடினால்தான் ஆடியதாகச் சர்டிபிகேட் தருவார்கள், அது இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப் போடலாம், பெஞ்சில் உட்கார்ந்து திரும்பி வந்தால் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த வருஷத்தோடு வயசு வரம்பு வேறு முடிகிறது. அதனால் எங்கள் பிளாக்கில் யாரும் இந்தியா ஜெயிக்குமா என்று கேட்கவில்லை. "மல்லியை எறக்குவாங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

வழி சொன்னவள் டெய்சி. ஊரூர் குப்பத்துப் பெண், அக்காவின் சிநேகிதி, டீமில் இரண்டாவது கோல்கீப்பர். பிராக்டிஸில் கணுக்கால் பிசகிவிட்டதால் அவளுக்கு அன்று வேலை இல்லை. மைதானத்துக்கு எதிரிலேயே ஒரு பூத் இருக்கிறது, உள்ளே நின்றால் கேட் இடுக்கு வழியாகக் கொஞ்சம் மைதானம் தெரிகிறது, இந்த நம்பருக்குப் போன் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிக் கட்டணம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போடுவது, கேட்டவுடன் வைத்துவிடுவது. இதுதான் திட்டம். அம்மா வேலை செய்யும் வீடுகளில் அந்த மாசச் சம்பளம் அறுநூறு ரூபாயை முன்கூட்டியே வாங்கி, இடுப்பில் சுருக்குப் பையில் வைத்திருந்தாள்.

ரங்கநாதன் தெருவில் ஒரு பூட்ஸ்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் அக்கா பந்து உதைக்க ஆரம்பித்ததை யாரும் ஒரு சம்பவமாக நினைக்கவில்லை. பையன்களுக்கு ஓர் ஆள் குறைந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "அவன் கலெக்டராவப் போறான், உட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இவள் போனாள். அன்றைக்குப் போனவள்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்றாள். அவள் நின்றதால்தான் நான் நிற்காமல் போனேன் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

முதல் பூட்ஸ் வாங்க தி. நகர் போனோம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு ஏழாம் நம்பர் பெட்டியை எடுத்து வந்தார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து, தன் காலை நீட்டினாள். மணலில் ஓடி ஓடி விரல்களெல்லாம் அகன்று போன கால்.

"தம்பிக்கு இல்லியா?"

"அவனுக்கு எதுக்கு? அவன் நடக்கறதே நோவுன்னு நடப்பான். எனக்குப் போடுங்கண்ணா."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிய பூட்ஸை அவள் பெட்டியில் வைக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மந்தைவெளி வரும்வரை அந்தப் புதுத் தோலை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

நைனாவின் கண்

நைனாவுக்கு மீன்பாடி வண்டி. முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய் மீன் மார்க்கெட்டில் இறக்குவார். மகள் கால்பந்து ஆடுவதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்று நீங்கள் நினைத்தால், அது தப்பு. அக்கா ஆடுவதைக் காசிமேடு வரை சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

ஆனால் அவள் ஆட்டத்தை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை. அடையாறு பக்கம் ஒரு மைதானம். ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து வெளியே போய், நைனா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அக்கா த்ரோ போட வந்தாள். பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கியவள் நைனாவைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். எறியும்போது ஒரு கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. கால் எழும்பினால் அந்த த்ரோ செல்லாது. ரெஃப்ரி விசில் அடித்து எதிர் டீமுக்குக் கொடுத்தார். அவர்கள் எறிந்த பந்து இரண்டு கால் மாறி நேராகக் கோலுக்குள் போனது.

அன்றைக்கு அக்கா ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். நைனாதான் சாப்பிடவில்லை. "என் கண்ணு ஆவாதுடா அவளுக்கு," என்றார் என்னிடம். "நான் பார்த்தா தோத்துடுவா."

கிரிக்கெட் பார்க்கும்போது, நீ எழுந்து வெளியே போ, நீ உட்கார்ந்தால் விக்கெட் விழுகிறது என்று சொல்வோம் இல்லையா, அந்த மாதிரிதான். நாம் அதை மறுநாள் மறந்துவிடுவோம். நைனா மறக்கவில்லை. அதன் பிறகு அவள் ஆடும் எந்த மைதானத்தின் பக்கமும் வண்டியைத் திருப்பியதில்லை. சிலோனிலிருந்து வந்த டீமோடு நம் மாநில டீமுக்காக நேரு ஸ்டேடியத்தில் ஆடியபோதும் போகவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று காலையும் அம்மா கூப்பிட்டாள். பூத்தில் வந்து காதால் கேட்டால் போதும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லையே என்றாள். நைனா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். காது மட்டும் வேற ஆளுதா என்று கேட்டுவிட்டு வண்டியை மிதித்துப் போய்விட்டார்.

லைன் கிடைத்தது

முதல் தடவை சுலபமாகக் கிடைத்தது. எங்கள் வீட்டில் போன் என்றால் நான்தான் பேசுவேன், படித்தவன் என்பதால். ரிசீவர் என் கையில். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி அம்மா.

"டெய்சி, நான் குமார். அக்கா ஆடறாளா?"

"பெஞ்சிலதான் குந்திக்கினு கீறா. நம்ம கோல் இந்தாண்ட கீது, நல்லாத் தெரியுது. அந்தாண்ட கோல செவுரு மறைக்குது. இன்னும் யாரும் கோல் போடல. வையி."

வைத்துவிட்டு, வெளியே நின்றவர்களுக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஆட்டம் தொடங்கிவிட்டது, இரு அணியும் கோல் எதுவும் போடவில்லை என்றேன். இன்னாடா நியூஸ் வாசிக்கிற என்று ஒருவர் கேட்டார்.

இரண்டாம் தடவை லைன் கிடைக்கவே இல்லை. இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று அந்தப் பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ரீடயல் பொத்தானை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் சிவந்துவிட்டது. இதற்குள் ராஜம் மாமி வந்துவிட்டாள். மயிலாப்பூரில் அம்மா பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் ஒன்று மாமியுடையது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு மகனைக் கூப்பிடுவது வழக்கம். அவன் அங்கே தூங்காமல் காத்திருப்பானாம்.

அம்மா பதறிப்போய் என்னை வெளியே வரச் சொன்னாள். மாமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருக்கட்டும்டி கன்னியம்மா. அவன் ஆத்துலதான் இருக்கப் போறான், நாளைக்குக் கூப்ட்டா போச்சு. உம்பொண்ணு இன்னிக்குத்தானே ஆடறா?"

பாய் தன் ஸ்டூலை மாமிக்குப் போட்டார். அந்தச் சமயம் பார்த்து மறுமுனையில் மணி அடித்தது.

வைக்காதே

பாதி ஆட்டம் முடிந்து, இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. வைத்தால் மறுபடி கிடைக்காது என்று பாய் சொன்னார். அதனால் வைக்கவில்லை. தலைக்கு மேலே பெட்டியில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன.

இப்போது இரண்டு டீமும் பக்கம் மாறிவிட்டன. டெய்சிக்குத் தெரிந்தது நேபாளத்தின் கோல். சிறிது நேரத்திலேயே அங்கே எங்கள் பெண் ஒருத்தி பந்தை உள்ளே தள்ளிவிட்டாள். டெய்சி கத்தியது ரிசீவரைத் தாண்டி வாசல் வரை கேட்டது. வாசலில் விசில் அடித்தார்கள். மார்க்கெட்டுக்குப் போன ஆட்கள் நின்று என்ன என்று விசாரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "மல்லி?" என்றாள்.

பெஞ்சில்தான் இருந்தாள். டெய்சியின் பக்கத்தில் யாரோ இந்தியில் சத்தம் போட்டார்கள். அந்த ஊர் பூத்காரர். போனை இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பதற்குத் தனியாகக் காசு கேட்கிறார் என்றாள். அவளும் தமிழிலேயே அவரைத் திட்டினாள். அவர் இந்தியிலேயே திட்டினார். ஒருவர் திட்டியது மற்றவருக்குப் புரியாததால் சண்டை வளரவில்லை.

பிறகு டெய்சியின் குரல் மாறியது.

"குமாரு, இரு. லெஃப்ட் பேக்கு உக்காந்துட்டா. காலப் புடிச்சிக்கினு கீறா. நடு லைனாண்ட யாரோ நிக்கிறாங்க. மேல் சட்டய அவுக்குறா. மல்லிதான். மல்லிதாண்டா. கையத் தட்டிட்டு உள்ள போய்ட்டா."

நான் அதை எப்படித் திருப்பிச் சொன்னேன் என்று நினைவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலை வந்துடுச்சு என்று வாசலில் யாரோ சொன்னார்கள். மாமி ஸ்டூலிலிருந்து எழுந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

ஆனால் லெஃப்ட் பேக்கின் இடம் எங்கள் கோல் பக்கம். அந்தப் பக்கத்தைத்தான் சுவர் மறைக்கிறது. உள்ளே போன அக்கா, அப்படியே ஓடி மறைந்துவிட்டாள்.

"இனிமே ஒண்ணும் தெரியாதுடா," என்றாள் டெய்சி. "அவ அந்தாண்ட கீறா."

பாய் மீட்டரைப் பார்த்தார். "எறங்கிட்டா இல்ல, வந்த வேல முடிஞ்சுது. வச்சிடு தம்பி, சொம்மா காசு ஓடுது."

அவர் சொன்னது நியாயம். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைக்காத."

"டெய்சிக்கு ஒண்ணும் தெரியலம்மா."

"தெரியாட்டிப் போவுது. அவ அங்க கீறா இல்ல. இருக்கட்டும்."

ரிசீவரை என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அம்மா போனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. டெய்சிக்குச் சொல்ல எதுவும் இல்லாததால், ரிசீவரைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். மைதானத்தின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். நாங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ஒரு பஸ் போனபோது அம்மா இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மைதானத்தில் ஓயாமல் கத்துகிறவள். பெங்காலியும் மணிப்பூரியும் இந்தியும் பேசுகிற பெண்களுக்கு நடுவில் அவள் மட்டும் "உடு, எனுது, எனுது" என்று தமிழில் கத்துவாள். அம்மா அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள் என்று பிறகு புரிந்தது. ஒரு தடவை சட்டென்று கண்ணைத் திறந்தாள். "கொரல் கேட்டுச்சு," என்றாள். நான் வாங்கிக் கேட்டேன். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. அதைச் சொல்லவில்லை.

என் காதில் இருந்தபோதுதான் டெய்சி ரிசீவரைத் திருப்பிக் கத்தினாள்.

"வந்துட்டா, வந்துட்டா. இந்தாண்ட வந்துட்டா. த்ரோ போட வரா. பந்த எடுக்கறா. போட்டுட்டா. திரும்பி ஓடறா. போய்ட்டா."

அவ்வளவுதான். அன்று என் அக்கா ஆடியதில் எங்களுக்காக ஒருத்தி பார்த்தது அந்த ஒரு த்ரோ மட்டும்.

கடைசி விசில் அடித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். இரு, அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று டெய்சி ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். அம்மா மறுபடி போனை வாங்கிக்கொண்டாள். அங்கே பாட்டு, மேளம், சிரிப்பு. பிறகு ஒரு கொர்ரென்ற சத்தம். லைன் தானாகவே அறுந்துவிட்டது. எத்தனை தடவை போட்டும், தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருந்தன.

அதற்கப்புறம்

சர்டிபிகேட் வந்தது. வேலையும் வந்தது, வடக்கே, இரண்டு இரவு ரயிலில் போகிற தூரத்தில். சென்ட்ரலில் வண்டி ஏறும்போது ஒரு வருஷத்தில் மாற்றல் வாங்கி வந்துவிடுகிறேன் என்றாள். அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனுஷன். மகள் பிறந்தாள். அந்தக் குழந்தை எங்களோடு பேசும்போது, பாதியை அக்கா மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்டுவிட்டாள். இந்தியச் சட்டையில் அவள் ஆடியது அந்த ஒரு தடவைதான். அதைப் பற்றிக் கேட்டால், இன்னாத்த ஆடினேன், கொஞ்ச நேரம்தான் என்று முடித்துவிடுகிறாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாஷா பாய் பூத்துக்குப் போகிறோம். சுகமா, சாப்பிட்டாயா, மழையா. அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரண்டு பக்கமும் தெரிவதில்லை. அம்மா அப்போதும் ரிசீவரை உடனே வைக்க விடுவதில்லை.

சீட்டு

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பி வருகிறேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது நைனா வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு. அடையாறு முகத்துவாரத்தில், உடைஞ்ச பாலத்தின் முனையில் போய் உட்கார்ந்திருந்தாராம். டீக்கடை ரேடியோ கூடக் காதில் விழக் கூடாதென்று.

ஜெயித்துவிட்டோம், அக்கா ஆடினாள் என்றேன். தெரியும் என்பது போலத் தலையாட்டினார். தான் வராததால்தான் ஜெயித்தார்கள் என்று அவர் முகமே சொன்னது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். த்ரோ என்றதும் நிறுத்தினார்.

"காலு தூக்கினாளா?"

டெய்சி அதைச் சொல்லவில்லை. தெரியாது நைனா என்றேன். விசில் அடிக்கல, அப்ப தூக்கல என்று வாசலில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். நைனா அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். வண்டியின் பலகையில் சாய்ந்து நின்று, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். இரண்டு காலும் தரையில் இருந்தன.

"எவ்ளோ ஆச்சு பாய்?"

பாய் மெஷினிலிருந்து சீட்டைக் கிழித்தார். அதைப் பார்க்காமல், ஐய, அப்பால பாத்துக்கலாம், போய்ச் சாப்பிடுங்க என்றார். மாமி கைப்பையைத் திறந்தாள். நைனா இருவரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படிப்பேன்.

படித்தேன். நைனா முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. அம்மா சுருக்குப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஸ்கோரைக் கேட்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படி என்றார் நைனா.

எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய், நாற்பது பைசா.